ஒரு பெயருக்கு மட்டும் இடம் இருந்த மேப்

நீங்கள் மூன்று பேரும் காலேஜின் ஏரி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, புதியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னை அழைத்திருந்தார்கள். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன், கடையிலிருந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். டீ மட்டும் வந்து சேர்ந்திருக்கும். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது, வேறு காரணம் எதுவும் இல்லை. அன்று சொல்ல வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துப்பிழையைத் திருத்த ஆள் இருக்கிறார். மற்றதெல்லாம் என்னுடையது.

இந்த நிலையத்தில் நான் முதலில் படகுக்காரன். கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், இறால் குஞ்சு, நண்டு, பாசி, பறவை எல்லாம் காட்டிவிட்டுத் திரும்பக் கரை சேர்ப்பேன். பிறகு ஊரடங்கு வந்தது. பிள்ளைகள் ஏரிக்கு வரமுடியாததால் ஏரியைப் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அனுப்பியது நான்தான். ஒரு கையில் படகு தள்ளும் கம்பம், ஒரு கையில் போன். ஊரடங்கு போன பிறகும் அந்த வேலை போகவில்லை. நேரலை வகுப்பு, பதிவு செய்த வீடியோ, எல்லோரும் சேர்ந்து நிரப்பும் மேப் என்று அது ஒரு முழுப் பாடமாகவே வளர்ந்துவிட்டது. போன வருடம் தோள்பட்டை மக்கர் செய்து, இனிமேல் கம்பம் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் வேலையை விட்டேன்.

கேமரா, மைக், வெட்டி ஒட்டுவது இதிலெல்லாம் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. டிகிரி முடித்தவர்கள், என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். சிக்னல் விஷயம் மட்டும் ஒரு வரி. ஏரியில் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போனால் போன் ஆந்திராப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். தெலுங்கில் வரவேற்று ஒரு மெசேஜ் வரும். அது வந்தால் படகைத் திருப்பிவிடுங்கள். திருப்பாவிட்டால் படம் நின்றுவிடும், உங்கள் வகுப்பு முடிந்தது.

ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏரியிலிருந்து நடந்த மூன்றாவது நேரலை. அறுபது பிள்ளைகள் அவரவர் வீட்டில் பார்க்கிறார்கள். பாடம் எடுக்கும் மேடம் பொன்னேரியில் தன் வீட்டிலிருந்து பேசுகிறார். நான் படகிலிருந்து காட்டுகிறேன். பக்கத்தில் வந்த படகு எங்கள் நங்கூரக் கயிற்றில் மாட்டி இழுத்தது. அந்தப் படகில் இருந்தவன் என் சித்தப்பா மகன். அவனை இரண்டு நிமிடம் விடாமல் திட்டினேன். அவனும் சும்மா இருக்கவில்லை. என் பாட்டனாரை அவனும் அவன் பாட்டனாரை நானும் இழுத்தோம். இரண்டும் ஒரே ஆள் என்பது பிறகுதான் உறைத்தது. போனைப் பார்த்தால் அறுபது பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். ஒரு பிள்ளையின் பின்னால் அவளுடைய அம்மா நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேடம் சாயங்காலம் போன் செய்து, “இன்னைக்கு ஒருத்தரும் தூங்கலண்ணா” என்றார். “ஆனா இனிமே பேசாத நேரத்துல மைக்க அமுத்தி வெச்சுடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து போனைக் கையில் எடுத்தாலே என் விரல் முதலில் மைக்கைத்தான் அமுத்தும்.

இப்படிப்பட்ட தப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது போட்ட சத்தத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துபோகும், சிரித்துத் தீர்ந்துபோகும். நான் செய்த பெரிய தப்பு சத்தமே போடவில்லை. அன்று நான் வேலையை நன்றாகச் செய்ததாக எல்லோரும் பாராட்டினார்கள்.

அதைச் சொல்வதற்கு முன் பாடு என்றால் என்னவென்று சொல்லவேண்டும், உங்களில் ஒருவரும் ஏரிக்கரை ஆள் இல்லை. முகத்துவாரத்துக்கு உள்பக்கம் ஆழமான இடம் ஒன்று இருக்கிறது. துறை என்போம். கடல் தண்ணீர் ஏறும்போது இறால் அந்த வழியாகத்தான் ஏரிக்குள் வரும். அங்கே கம்பு நட்டு வலை கட்டினால் அன்றைய பிழைப்பு நிச்சயம். எங்கள் குப்பத்துக்கும் எதிர்க்கரைக் குப்பத்துக்கும் அதில் சமமான பாத்தியம் உண்டு. ஒரு நாள் எங்களுக்கு, ஒரு நாள் அவர்களுக்கு. இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். விடியும் நேரத்தில் பாடு மாறும். முந்தின நாள் வலை கட்டியவர்கள் கம்புகளைப் பிடுங்குவார்கள். அடுத்த முறைக்காரர்கள் சற்றுத் தள்ளிப் படகிலேயே காத்திருப்பார்கள். கடைசிக் கம்பு தண்ணீரை விட்டு மேலே வந்த பிறகுதான் அவர்கள் படகு உள்ளே வரும். இதற்குப் பத்திரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கரையில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தருவதும் இல்லை. சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று பிள்ளைக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

மேடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒப்பந்த வேலையில் இருந்தவர். வருடா வருடம் நீட்டிப்பு வந்தால்தான் உண்டு. இந்த ஏரிப் பாடத்தை ஒன்றுமில்லாததிலிருந்து கட்டியது அவர்தான். அந்த வருடம் பல்கலைக்கழகம் ஒரு குழு போட்டது. மூன்று பேர் ஒரு நேரலை வகுப்பை உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் பாடமும் தொடரும், மேடத்தின் வேலையும் தொடரும். இல்லையென்றால் இரண்டும் அந்தப் பருவத்தோடு முடிந்தது. வகுப்புக்கு ஒரு வியாழக்கிழமை குறித்திருந்தார்கள். விடிகிற நேரம், முகத்துவாரத்துத் துறையில். தண்ணீர் ஏறும்போது இறால் உள்ளே வருவதை அப்படியே காட்டிவிடவேண்டும் என்பது மேடத்தின் ஆசை.

அதற்கு ஒரு மாதம் முன்பு என்னிடம் மேப் வேலையைக் கொடுத்திருந்தார். ஏரியைச் சுற்றிப் போய், மீன்பிடி இடம் ஒவ்வொன்றிலும் போனை அழுத்தினால் மேப்பில் ஒரு புள்ளி விழும். புள்ளியைத் தொட்டால் நாலு கட்டம் வரும். இடத்தின் பெயர், ஆழம், என்ன கிடைக்கும், யாருடைய இடம். வாயால் சொன்னால் போதும், போனே எழுதிக்கொள்ளும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மனிதர்கள் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன் போனிடம் நாள் முழுக்கப் பேசினேன். ஒரே நாளில் ஏரியை முடித்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் ஆகும் என்று நினைத்திருந்த மேடம் அசந்துபோனார்.

முகத்துவாரத்துத் துறைக்கு நான் போன நேரத்தில் அங்கே எதிர்க்கரைக் குப்பத்துக் கம்புகள் நின்றன. அன்று அவர்கள் பாடு. யாருடைய இடம் என்று கட்டம் கேட்டது. எதிர்க்கரைக் குப்பம் என்றேன். எழுதிக்கொண்டது. அடுத்த புள்ளிக்குப் போய்விட்டேன்.

நாளை அது எங்கள் பாடு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்திருந்ததால்தான் சொல்லத் தோன்றவில்லை. மேப்பைப் பார்ப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணியதுகூடப் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்ததுதான். அன்று எதையும் எண்ணவில்லை.

வகுப்பில் காட்டூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். விவசாயக் குடும்பம். கேள்வி கேட்காமல் ஒரு வகுப்பையும் விடமாட்டாள். அவள் அந்தப் புள்ளிக்குக் கீழே, இந்த இடம் எப்போதும் இவர்களுக்கு மட்டும்தானா அண்ணா என்று எழுதியிருந்தாள். பார்த்தேன். பதிலை வாயால் சொன்னால் போன் எழுதிக்கொள்ளாது, விரலால் தமிழ் எழுத எனக்கு ஒரு வரிக்கு அரைமணி நேரம் ஆகும். வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். வகுப்பு வந்தபோது அறுபது முகம் வந்தது, எனக்குக் கூச்சம் வந்தது, மறந்துபோனேன். உங்களை யாராவது கேள்வி கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

பிறகு நடந்தது இதுதான். எதிர்க்கரைக் குப்பத்துப் பிள்ளை ஒன்றும் அதே வகுப்பில் படித்தது. தன் ஊர் பெயரை மேப்பில் பார்த்த சந்தோஷத்தில் வீட்டில் காட்டியது. அதன் மாமன் அதைப் படமெடுத்து, காலேஜே சொல்லிவிட்டது, துறை நம்முடையது என்று விளையாட்டாக ஒரு வரி சேர்த்து, படகுக்காரர்களின் போன் குழுவில் போட்டான். சிரித்தார்கள். அந்தப் படம் எங்கள் கரைக்கும் வந்தது. இங்கே யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை விடியலில் பாடு எங்களுக்கு மாறவேண்டும். எங்கள் ஆட்கள் படகில் காத்திருந்தார்கள். எதிர்க்கரைக்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டே வந்து, ஒரு கம்பை மட்டும் விட்டுவிட்டு, “இத்த இன்னாத்துக்கு எடுக்கணும், மேப்ப பாரு” என்று கேலி பேசினார்கள். இவர்கள் பதிலுக்குப் பேச, வார்த்தை தடித்தது. கடைசியில் எங்கள் ஆள் ஒருவன் உள்ளே போய் அந்தக் கம்பைத் தானே பிடுங்கி எறிந்தான். ஒருவர் நட்ட கம்பில் மற்றவர் கை வைத்ததாக எனக்கு நினைவு தெரிந்து கிடையாது. துடுப்பை ஓங்கும் வரை போய்விட்டது. நல்லவேளை, தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டதால் எங்கள் ஆட்கள் வலை கட்டப் போனார்கள், அவர்கள் கரைக்குத் திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குப்பமும் தனித்தனியே கூடின. அந்த வாரத்தில் இரண்டு குப்பமும் ஒத்துப்போனது ஒரே ஒரு விஷயத்தில்தான். காலேஜ் படகு இனிமேல் கரையோரப் படகுத்துறையைத் தாண்டக் கூடாது. வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

திங்கட்கிழமை மேடம் குப்பத்துக்கு வந்தார். வலைக்கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், தேசப்பன். என் மனைவிக்கு அண்ணன். அவர் நிதானமாகத்தான் கேட்டார்.

“மேடம், நீங்க படிச்சவங்க. எங்க தொறைய இன்னொருத்தனுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னா?”

“தப்பு என்னோடதுங்க. ஒரு பேருக்கு மட்டும் எடம் விட்டு அந்தக் கட்டத்த போட்டது நான்தான். இன்னைக்கே அழிச்சிடறேன்.”

“அழிக்கறதா? என் போன்ல கெடக்குது, அவன் போன்ல கெடக்குது. இத்தெல்லாம் யாரு வந்து அழிப்பா?”

மேடம், துறை எங்களுக்கும் உண்டு என்று சேர்த்து எழுதித்தருகிறேன் என்றார். அப்படியானால் எதிர்க்கரைக்காரன் சும்மா இருப்பானா என்று நாலு பேர் கேட்டார்கள். அவர் வாங்கிய பேச்சு முழுக்க என்னுடையது. இந்தப் படகுக்கார அண்ணன்தான் பெயரைச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. நான் அவருக்குப் பின்னால் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தேன்.

பஸ் வரும்வரை கூட நின்றேன். குழுவுக்குப் பழைய வீடியோவை நேரலை மாதிரி ஓட்டிவிட்டால் என்ன என்று மேடம் கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பழையதில் தண்ணீர் கலங்கல், இப்போது தெளிவு, காற்றும் வேறு பக்கம், குழு கண்டுபிடிக்காவிட்டாலும் காட்டூர்ப் பெண் கண்டுபிடித்துவிடுவாள் என்றேன். அவர் சிரித்தார். பஸ்ஸில் ஏறும்போது, “போனா போவட்டும்ணா, வேற எங்கனா பாத்துக்கறேன்” என்றார். அவருக்கு வேறு எங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும். 

நான் வீட்டுக்கு வருவதற்குள் கதை வந்துவிட்டிருந்தது. என் மனைவி செல்வி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

“மேடம் பேசிக்கினு இருந்தாங்களாமே, நீ இன்னா பண்ண?”

“பின்னாடி நின்னேன்.”

“அதத்தான் சொன்னாங்க. தண்ணில நிக்கற கம்பு கூட ராத்திரிக்குக் கொழம்புக்கு ரெண்டு எறா குடுக்குது.”

சொல்லிவிட்டு மறுபடியும் மீனை அலசினாள். மேற்கொண்டு பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி உட்கார்ந்திருப்பேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் மச்சான் வீட்டுக்குப் போனேன். தேசப்பன் வாசலில் படகு என்ஜினைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். மேப்பில் அந்தப் பெயரைச் சொன்னது நான்தான் என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நீயாடா?”

“நான்தான் மச்சான்.”

“பாடு மாறும்னு உனக்குத் தெரியாது?”

“தெரியும்.”

“தெரிஞ்சிக்கினு ஏன்டா அப்டி சொன்ன?”

“எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்.”

“எல்லாருக்கும்னா யாருக்கு?”

யோசித்துப் பார்த்தேன். “நமக்கு” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டியதை எழுதினால் இதை யாரும் அச்சில் போடமாட்டார்கள். திட்டி முடித்தபோது அவருடைய கோபம் பாதி போயிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதுவரை எங்கோ இருக்கிற காலேஜ் தங்கள் துறையை யாருக்கோ எழுதிக்கொடுத்ததாக இரண்டு கரையும் நினைத்திருந்தது. முகம் தெரியாத ஒன்றிடம் என்ன பேசமுடியும்? இப்போது தப்பு செய்தவன் எதிரில் நின்றான், அதுவும் தங்கச்சி புருஷன், ஆசை தீரத் திட்டலாம்.

தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னார்: “போன்ல சொன்னத போன்லயே திருப்பு. எங்கிட்ட வந்து சொன்னா அவங்களுக்கு எப்டி கேக்கும்?”

வியாழக்கிழமை வகுப்பில், துறையில், இரண்டு கரைக்காரர்களும் இருக்கும்போது, நேரலையில் நான் சொல்லவேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதற்காக அந்த ஒரு விடியல் மட்டும் காலேஜ் படகு வரலாம். என் எதிரிலேயே எதிர்க்கரை நாட்டாருக்குப் போன் போட்டு, “மேப்பு எழுதுன தொர எங்கூட்லதான்யா கீறாரு” என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் எனக்குக் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் சம்மதம் என்றார்கள்.

மேடத்துக்குச் சொன்னபோது, அவர் வேண்டாம் என்றார். குழு முன்னால் நீங்கள் மாட்டிக்கொண்டால் உங்கள் வேலைக்குத்தான் ஆபத்து, பாடத்திலேயே தப்பு என்று அவர்கள் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான். தப்பை மூடி ஒரு நல்ல வகுப்பு நடத்தலாம், திறந்து ஒரு சுமாரான வகுப்பு நடத்தலாம். எது குழுவுக்குப் பிடிக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மூடினால் படகு போகாது என்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் மேடம், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

வியாழன் விடிகிற நேரம் துறையில் பதினைந்து படகுக்கு மேல் நின்றன. எதிர்க்கரைக்காரர்கள் கம்புகளுக்கு நடுவே, எங்கள் ஆட்கள் தள்ளி. வழக்கமாக நாலு படகு வரும் இடம். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேடம் அன்று படகிலேயே இருந்தார். பாடம் சொல்வது அவருடைய போனிலிருந்து, ஏரியைக் காட்டுவது என் போனிலிருந்து. நான் பேசவேண்டியிருந்ததால் என் போனையும் அவரே பிடித்துக்கொண்டார். படகில் நின்று பழக்கமில்லாதவர், கை ஆடியது.

பிள்ளைகள் வந்தார்கள். குழுவிலிருந்து மூன்று பேர் மூன்று சின்னக் கட்டத்தில் வந்தார்கள். மேடம் துறையைப் பற்றிச் சொல்லிவிட்டு, இந்த இடத்தைப் பற்றி அண்ணன் ஒன்று சொல்லவேண்டும் என்று சொல்லி, கிறீச்சிடாமல் இருக்கத் தன் மைக்கை அமுத்தினார். கேமரா என் பக்கம் திரும்பியது. இத்தனை வருடத்தில் அது என்னைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

சொன்னேன். குரல் ஏறி இறங்கியது, இரண்டு இடத்தில் நின்றுபோனேன். ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தேன். படகுகளில் இருந்தவர்கள் ஒரு சத்தம் போடாமல் கேட்டார்கள். போனில் பிள்ளைகளும் அசையாமல் பார்த்தார்கள். அவ்வளவு அமைதி எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போது காட்டூர்ப் பெண்ணின் குரல் வந்தது. “அண்ணா, நீங்க மியூட்ல இருக்கீங்க.”

போனை மேடத்திடம் கொடுக்கும் முன்பே பழக்க தோஷத்தில் நானே அமுத்தியிருக்கிறேன். மேடம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எதிர்க்கரைப் படகிலிருந்து ஒருவன், “மொத வாட்டி நல்லாத்தான் இருந்துச்சி வாத்தியாரே, அப்டியே இன்னொரு தபா சொல்லு” என்றான். முதலில் அவர்கள் சிரித்தார்கள், அப்புறம் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை துடுப்பு ஓங்கியவன் உட்பட.

இரண்டாவது முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நான் ஒன்றை விட்டுவிட்டால் படகிலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள். மேப்பில் இந்தப் பெயரைச் சொன்னது மேடம் இல்லை, நான். நான் வந்த அன்று எதிர்க்கரைக்காரர்கள் பாடு, மறுநாள் எங்கள் பாடு. ஒரு நாள் பார்த்ததை எல்லா நாளுக்கும் சொல்லிவிட்டேன். அதனால் இரண்டு கரைக்கும் சண்டை வந்தது. கடைசியில் போனைப் பார்த்து நேராகச் சொன்னேன்:

“காட்டூர்ப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டுச்சு, எப்பவும் இவங்களுக்கு மட்டும்தானான்னு. நான் பதில் போடல. இல்லம்மா. அன்னைக்கு மட்டும்தான்.”

எதிர்க்கரை நாட்டார் எழுபது வயதுக்காரர். தலையை ஆட்டினார். கம்புகளைப் பிடுங்கச் சொன்னார். கடைசிக் கம்பைத் தானே இறங்கிப் பிடுங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே தூக்கிக் காட்டினார். எங்கள் படகுகள் உள்ளே வந்தன. மேடம் அதையெல்லாம் பாடமாகவே சொல்லிக்கொண்டு வந்தார். குழுவில் ஒருவர், எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒருவர் ஏமாற்றினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மேடம் போனை நாட்டாரிடம் நீட்டினார். அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“இன்னைக்கு நான் ஏமாத்துனா, நாளைக்கு எம் பாடு வரும்போது எந்த மூஞ்சிய வெச்சிக்கினு எறங்குவேன் சார்?”

அந்தக் கட்டத்தில் இருந்தவர் எதையோ எழுதிக்கொண்டார். தண்ணீர் ஏறியது. இறாலும் ஏமாற்றாமல் வந்தது.

முடிவு வரப் பதினைந்து நாள் ஆயிற்று. பாடம் தொடரலாம், மேடத்துக்கு நீட்டிப்பு. ஒரே ஒரு குறை எழுதியிருந்தார்கள், காட்சி அதிகம் ஆடுகிறது என்று. மேடம் அதை எனக்குப் படித்துக்காட்டியபோது இரண்டு முறை படித்தார்.

பிறகு அந்தக் கட்டத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இரண்டு பெயரையும் போட்டு நாள்வாரியாக அட்டவணை கொடுக்கலாம் என்று மேடம் சொன்னார். இரண்டு நாட்டார்களும் ஒரே குரலில் மறுத்தார்கள். எந்த நாள் யார் எங்கே இருப்பார்கள் என்று ஊர் உலகத்துக்கு ஏன் தெரியவேண்டும்? சாவு விழுந்தால் பாடு மாறும், கல்யாணம் என்றால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள், அதையெல்லாம் அட்டவணை எப்படிச் சொல்லும்? அவர்கள் சொன்னது சரி. கட்டம் கேட்கிறது என்பதற்காக நிரப்பிவிடாதீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வந்ததே அதுதான். வெறுமையாக விட்ட கட்டத்தால் இங்கே யாரும் துடுப்பு ஓங்கவில்லை. கடைசியில் மேடம், யாருடைய இடம் என்பதை எடுத்துவிட்டு, இன்று யார் என்று கரையில் கேட்கவும் என்று போட்டார். எல்லாப் புள்ளிக்கும் அதுவே.

அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு மேடம், கரையில் கேட்டு வருவதற்கு மதிப்பெண் வைத்தார். முணுமுணுத்தார்கள். சில பேர் எனக்குப் போன் செய்து கேட்டுப் பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, அனுப்பம்பட்டில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து, கண்ணாடி போட்ட ஒரு பெண் கரைக்கு வந்து நின்றாள். நான் படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் வரவில்லை. வலை உதறிக்கொண்டிருந்த தேசப்பன் மச்சானிடம் போய், இன்றைக்குப் பாடு யாருடையது என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாம்மா, உங்க மேப்புல போட்டிருக்குமே, பாக்கலியா?”

“பாத்தேங்க. உங்களக் கேக்கச் சொல்லிப் போட்டிருக்கு.”

மச்சான் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளி, அவள் உட்கார இடம் செய்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.